பனிச்சாலைக்கு எந்த டயர்?



நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று படிப்புக்கும் வேலைக்கும் கடல் கடந்து போகிறார்கள். கனடாவில் இருக்கும் மகன் ஒரு பழைய கார் வாங்கியிருப்பதாகச் சொன்னால் பெற்ற மனம் குளிரும். அத்துடன் நின்றுவிடாமல், "பனிக்கால டயர் போட்டுவிட்டாயா, தம்பி?" என்றும் கேட்டுவிடுங்கள்.

"இருக்கிற டயரே புதுசுதான். வரிப்பள்ளமும் ஆழமாக இருக்கிறது" என்று அவன் சொல்லக்கூடும். பள்ளம் மட்டும் போதாது. ரப்பரின் குணமே முக்கியம்.

நெய் குளிரில் உறைவதை நாம் அறிவோம். சாதாரண டயரின் ரப்பரும் ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைக்கத் தொடங்குகிறது. கேமரன் மலையின் இரவுக்குளிர்கூட வழக்கமாக அந்த அளவுக்கு இறங்குவதில்லை. அதனால் நமக்கு இது தெரிவதில்லை. மழை பெய்த செம்மண் மேட்டில் தேய்ந்த செருப்பு வழுக்கும், வெறுங்காலோ விரல்களால் பற்றிக்கொள்ளும். விறைத்த டயர் அந்தச் செருப்பைப் போன்றது. இளகிய டயர் அந்தக் காலைப் போன்றது.

பால்மரத்து ரப்பருக்கு இங்கே ஒரு பெருமை உண்டு. உறைநிலைக்குக் கீழே சுமார் 70 டிகிரி வரை போனால்தான் அது கண்ணாடிபோல் விறைக்கும். டயருக்குப் பயன்படும் செயற்கை ரப்பர்கள் பல அதற்கு வெகு முன்பே விறைத்துவிடும். ஆகவே பனிக்கால டயரில் இயற்கை ரப்பரைக் கூடுதலாகச் சேர்ப்பது வழக்கம். மேற்பரப்பில் மெல்லிய கீறல்களும் நிறைய இருக்கும். அவற்றின் விளிம்புகள் பனியைக் கவ்விப் பிடிக்கும்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது? டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்க வேண்டும். பனியில் சோதித்துத் தேறிய டயருக்கே அந்த முத்திரை. 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அந்தச் சோதனையில் தேறியதாகப் பொருளில்லை. கனடாவின் கியூபெக் மாநிலம் 2008-ஆம் ஆண்டிலேயே பனிக்கால டயரைக் கட்டாயமாக்கியது. இப்போது அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது இல்லாமல் கார் ஓட்டினால் அபராதம் உண்டு.

பணத்தை மிச்சம் பிடிக்க இரண்டு டயர் மட்டும் மாற்றுவது ஆபத்து. முன்சக்கரம் பிடித்துக்கொள்ள, பின்சக்கரம் வழுக்கி, வண்டியே சுழன்றுவிடும். நான்கையும் ஒரே வகையாக மாற்ற வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்றாலும் இதே விதிதான். அந்த வசதி வண்டியைக் கிளப்ப உதவும்; நிறுத்த உதவாது.

பழைய டயர் வாங்கினால் இரண்டைக் கவனிக்க வேண்டும். வரிப்பள்ளம் 4 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் பனிக்கு உதவாது. அடுத்தது வயது. பக்கவாட்டில் 'டாட்' என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் 3523 என்றிருந்தால், 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள்.

குளிரில் டயரின் காற்றழுத்தம் குறையும். மாதம் ஒருமுறையாவது பார்த்து நிரப்ப வேண்டும். வெயில் காலம் வந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். இளகிய ரப்பர் சூடான சாலையில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

நான்கு டயரின் விலை பெரிய தொகைதான். ஆனால் கழற்றி வைக்கும் டயர் அந்த மாதங்களில் தேயாமல் மிஞ்சுகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். நல்ல டயர் போட்டாலும் பனியில் மெதுவாகவே போக வேண்டும். முன்னே போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விட வேண்டும்.

விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி, மங்கு மங்காகப் பால் சேர்த்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இவர்கள். ரப்பரின் அருமையை இவர்களுக்கு நாம் சொல்லாமல் வேறு யார் சொல்வது? அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்ட கையோடு டயரைப் பற்றியும் கேளுங்கள்.