ஏர்போர்ட் லவுஞ்ச்: கையில் கார்டு இருந்தா போதுமா? வெளிநாடு கிளம்பும் முன் தெரிஞ்சிக்க வேண்டியவை

மணலூர்பேட்டையில் இருந்து சென்னை விமான நிலையம் சுமார் 200 கிலோமீட்டர். அதிகாலை 4 மணி துபாய் ஃபிளைட் என்றால், முந்தின நாள் மதியமே கார் எடுத்துவிடுவார்கள். விழுப்புரம் தாண்டி, செங்கல்பட்டு டிராபிக்கில் ஊர்ந்து, இரவு 9 மணிக்கு மீனம்பாக்கம் வந்தாச்சு. வழியனுப்ப வந்தவர்கள் கிளம்பிட்டாங்க. மீதி 7 மணி நேரம்?

"நம்ம கார்டுல லவுஞ்ச் ஃப்ரீயாச்சே" என்ற ஞாபகம் அப்போதுதான் வரும். ஆனால் அந்த 7 மணி நேரத்துக்கு லவுஞ்ச் உதவாது. வெளிநாட்டுப் பயணிகளுக்கான லவுஞ்ச் இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடிந்த பிறகுதான் இருக்கும். செக்-இன் கவுன்ட்டர் பொதுவாக புறப்பாட்டுக்கு 3 அல்லது 4 மணி நேரம் முன்புதான் திறக்கும். அதோடு, பல லவுஞ்ச்களில் 2 அல்லது 3 மணி நேரத்துக்கு மேல் உட்கார அனுமதி இல்லை. ஆக, கையில் கிடைப்பது ஒன்றரை, இரண்டு மணி நேரம்.

யாரை உள்ளே விடுவாங்க?

விமான நிறுவனமே நடத்தும் லவுஞ்ச் என்றால் பிசினஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட் அல்லது அடிக்கடி பறப்பவர்களுக்கான உயர்நிலை உறுப்பினர் தகுதி வேண்டும். சிங்கப்பூர் சாங்கியில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சில்வர்கிரிஸ், கொழும்பு கட்டுநாயக்கவில் ஸ்ரீலங்கனின் செரண்டிப் எல்லாம் இந்த ரகம். ஏர் இந்தியா 2014 முதல் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருப்பதால், அதில் கோல்டு தகுதி வைத்திருப்பவர் எகானமி டிக்கெட்டிலும் கூட்டணி லவுஞ்சுக்குள் போக முடியும். திருச்சியில் இருந்து ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் பறக்கும் சாதாரண டிக்கெட்டுக்கு இதெல்லாம் கிடையாது.

நமக்குக் கிடைப்பது பொது லவுஞ்ச். காசு கட்டியும் போகலாம், கார்டு காட்டியும் போகலாம். இட்லி, பிரியாணி, காபி, வைஃபை, சார்ஜர், சாய்வு நாற்காலி இருக்கும். சில இடங்களில் குளியலறையும் உண்டு. நெரிசல் நேரத்தில் வாசலில் க்யூவும் உண்டு, அதை மட்டும் எந்த விளம்பரத்திலும் சொல்ல மாட்டாங்க.

கார்டு விஷயத்தில் என்ன மாறியது?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். முன்பு கார்டு இருந்தாலே போதும். கூட்டம் கூடியதும் வங்கிகள் செலவுக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தன. ஹெச்டிஎஃப்சியின் ரெகாலியா கார்டுக்கு 2023 டிசம்பர் முதல், ஒரு காலாண்டில் ரூ.1 லட்சம் செலவழித்தால்தான் லவுஞ்ச் சலுகை என்று ஆனது. ஐசிஐசிஐ தன் பல கார்டுகளுக்கு 2024 ஏப்ரலில் முந்தைய காலாண்டில் ரூ.35,000 என்று வைத்தது. இந்தத் தொகைகள் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் வாரத்தில் வங்கி ஆப்பில் பார்ப்பது நல்லது. ஊரில் அண்ணன் வாங்கிய கார்டு போன வருஷம் வேலை செய்தது என்பதற்காக இந்த வருஷமும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

இன்னொரு அடியும் விழுந்தது. வங்கிகளுக்கும் லவுஞ்ச்களுக்கும் நடுவே பாலமாக இருந்த ட்ரீம்ஃபோக்ஸ் நிறுவனம், 2025 செப்டம்பரில் உள்நாட்டு லவுஞ்ச் சேவையையே நிறுத்திவிட்டது. ஆகவே பழைய லிஸ்ட்டை நம்பிப் போகாதீர்கள்.

'உள்நாட்டு லவுஞ்ச்' என்று மட்டும் போட்டிருக்கும் கார்டு, துபாய், கொழும்பு டிரான்சிட்டில் செல்லாது. அங்கே தேய்த்தால் கட்டணம் பிடிக்கலாம். கூட வரும் மனைவி, பிள்ளைக்கும் தனிக் கட்டணம் வரலாம்.

ஃபிளைட் லேட்டானால்?

லவுஞ்சைத் தேடி ஓட வேண்டாம். டிஜிசிஏ விதிப்படி, பயண நேரத்தைப் பொறுத்து 2, 3 அல்லது 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் விமான நிறுவனமே சாப்பாடு, சிற்றுண்டி தர வேண்டும். நிறுவனத்தின் கவுன்ட்டரில் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று. சென்னை விமான நிலையத்தில் 2023 பிப்ரவரி 26-ல் 'அமைதி விமான நிலையம்' முறை தொடங்கப்பட்டது. போர்டிங் அறிவிப்பு ஒலிபெருக்கியில் வரும் என்று நம்பி இருக்காதீர்கள். லவுஞ்சில் சாய்ந்து கண்ணசந்தால் எழுப்ப ஆள் இருக்காது. கேட் நம்பரை திரையில் பாருங்கள், செல்போனில் அலாரம் வையுங்கள், புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கேட்டை நோக்கி நடந்துவிடுங்கள்.