‘நாக்பூர் ப்ளேன் இப்பவும் போகுதா?’



கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய டேப்லெட் ஒன்று உங்கள் வீட்டு பீரோவில் தூங்குகிறதா? எங்கள் வீட்டில் தூங்கியது. சார்ஜர் ஓரிடம், கவர் ஓரிடம். போன வருட தீபாவளிக்கு வீட்டை ஒழித்தபோது கைக்குக் கிடைத்தது. “பம்மல் பெரியப்பாவுக்குக் கொடுத்துடலாமே, பொழுது போகும்” என்றார் என் கணவர்.

பெரியப்பாவுக்கு 92 வயது. பெரியம்மா போனபிறகு மகன் வீட்டில் மாடி அறையில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், முழங்கால் சுத்தமாக ஒத்துழைப்பதில்லை. மற்றபடி தினமும் பேப்பரை இரண்டு முறை படிக்கிற ஆள்.

நானும் மெனக்கெட்டு சுப்ரபாதம், கோயில் தரிசன வீடியோக்கள், பழைய பாட்டு, பிரவசனம் எல்லாம் தேடி வைத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் மரியாதைக்குப் பார்த்திருப்பார் போல. அடுத்த முறை போனபோது டேப்லெட் மேல் மூக்குக் கண்ணாடிக் கூடு இருந்தது. அதன் மேல் மாத்திரை டப்பா.

“பிடிக்கலையா பெரியப்பா?”

“நல்லாத்தான் இருக்கு. சாமி டிவியிலேயே வருதேம்மா.” கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: “இதுல நாக்பூர் ப்ளேன் இப்பவும் போகுதான்னு பார்க்க முடியுமா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாக்பூரில் நமக்கு யார் இருக்கிறார்கள்?

பெரியப்பா தபால் துறையின் ரயில்வே பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் வேலை பார்த்தவர் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் என்ன வேலை பார்த்தார் என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட. பத்திரிகை நடத்துகிறேன் என்று பேர்!

1949-ல் நம் நாட்டில் இரவு விமானத் தபால் சேவை தொடங்கியது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கு ஊர்களிலிருந்தும் ராத்திரி ஆளுக்கொரு விமானம் கிளம்பும். நாட்டின் நட்ட நடுவில் இருக்கும் நாக்பூரில் நான்கும் நள்ளிரவு வாக்கில் கூடும். தபால் பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். முதல் நாள் சாயங்காலம் மயிலாப்பூரில் போட்ட கடிதம் மறுநாள் டெல்லியில். அதே 1949 முதல் சாதாரணக் கடிதத்தையும் தனிக் கட்டணம் இல்லாமல் விமானத்தில் அனுப்ப ஆரம்பித்தார்கள்.

அரக்கு முத்திரை வைத்த அந்தப் பைகளை எண்ணி, கணக்கு எழுதி, டகோட்டா விமானத்தில் ஏற்றிவிடுவதுதான் இருபத்து மூன்று வயதில் பெரியப்பாவின் ராத்திரி டியூட்டி. ஏற்றிவிட்டது ஆயிரக்கணக்கான பை. தான் பறந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் ரிட்டயராகி வெகு காலம் கழித்து, மும்பை கல்யாணத்துக்கு. ஜன்னல் சீட் கிடைக்கவில்லை என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

அன்று சாயங்காலமே டேப்லெட்டில் இருந்ததை எல்லாம் ஓரம்கட்டிவிட்டு ஃப்ளைட்ரேடார்24 என்ற ஆப்பை மட்டும் ஏற்றினேன். பறந்துகொண்டிருக்கும் விமானங்களை வரைபடத்தின் மேல் மஞ்சள் மஞ்சளாகக் காட்டுமே, அதுதான். ஒன்றைத் தொட்டால் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, என்ன ரகம், எத்தனை அடி உயரம், என்ன வேகம் எல்லாம் வரும். சென்னைக்கு இன்னும் எம்ஏஏ என்றுதான் குறி. ஊர் பேர் 1996-ல் மாறிவிட்டது, விமானக்காரர்களுக்கு மட்டும் இது இன்னும் மெட்ராஸ்தான். அதைப் பார்த்ததும் பெரியப்பா முகத்தில் வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“இது எப்படித் தெரியுது இவனுக்கு?” என்று கேட்டார். நல்ல கேள்விதானே? விமானம் தான் இருக்கும் இடத்தைத் தானே ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகிறது. உலகம் முழுக்க ஆர்வமுள்ள சாதாரண மனிதர்கள் தங்கள் வீட்டு மொட்டை மாடியில் சின்னதாக ஒரு ஆன்டெனா வைத்து அதைப் பிடித்து அனுப்புகிறார்கள். 2006-ல் சுவீடனில் விமானப் பைத்தியம் பிடித்த இரண்டு பேர் தொடங்கிய வேலை இது. சொன்னதும் பெரியப்பா தலையாட்டினார். “ஒருத்தன்கிட்ட வாங்கி இன்னொருத்தன்கிட்ட குடுக்கறது. எங்க வேலைதான்.”

அதன்பிறகு அவர்தான் எனக்குப் பாடம் எடுக்கிறார். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பினால் விமானங்கள் திருநீர்மலைப் பக்கமிருந்து வந்து இறங்கும், தலைக்கு மேலேயே சத்தம் கேட்கும். மேல்காற்று அடிக்கும் மாதங்களில் கிண்டி, பரங்கிமலைப் பக்கமிருந்து இறங்கும். காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும், அதனால். இருபது வருடமாகப் பம்மலுக்குப் போய்வருகிறேன், சத்தம் சில மாதம் அதிகமாக இருப்பது ஏன் என்று யோசித்ததே இல்லை.

டேப்லெட்டில் இல்லாததையும் அவர் கண்டுபிடிப்பார். “மேல ஒண்ணு போகுது, இதுல காணோம் பாரு.” தாம்பரம் விமானப்படைத் தளத்து விமானமாக இருக்கும். ராணுவ விமானங்கள் பெரும்பாலும் இதில் தெரியாது.

இன்னொரு நாள் யூடியூபில் டகோட்டா தேடினோம். ஸ்ரீநகருக்கு 1947-ல் நம் படைகளைக் கொண்டுபோன அதே ரகம். பழைய டகோட்டா ஒன்றைப் பழுது பார்த்து 2018-ல் நம் விமானப்படைக்குக் கொடுத்தார்கள், ‘பரசுராமா’ என்று பெயர். என்ஜின் கிளம்பும் வீடியோ கிடைத்தது. முதலில் ஒரு இருமல், கொஞ்சம் வெள்ளைப் புகை, அப்புறம் தடதடவென்று பிடித்துக்கொள்ளும் சத்தம். பெரியப்பா காது மெஷினைக் கழற்றிவிட்டு டேப்லெட்டைக் காதோடு வைத்துக்கொண்டார். மூன்று முறை போடச் சொன்னார்.

“பெட்ரோல் வாசனைதான் இல்ல” என்றார்.

பிறகு கையால் காட்டினார். டகோட்டா தரையில் நிற்கும்போது வால் கீழே, மூக்கு மேலே. உள்ளே ஏறினால் தரை சரிவாக இருக்கும். பையைத் தோளில் போட்டுக்கொண்டு மேடு ஏறுவதுபோல் குனிந்து ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அப்படிக் குனிந்து காட்டினார். என் அண்ணன் பேரன், எட்டு வயது, கேம் விளையாடுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“இந்த ஊருக்கு ஏர் சர்வீஸ் வந்ததே தபாலுக்காகத்தான், தெரியுமாடா?” என்றார் அவனிடம். உண்மைதான். 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய் வரைக்கும் ஓட்டிவந்த தபாலை, அங்கிருந்து மெட்ராஸுக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அதுதான் பிற்பாடு ஏர் இந்தியாவாக வளர்ந்தது.

எல்லாம் நன்றாகப் போனது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். முதல் மாதம் பெரும்பாடு. அவர் தொட்டால் திரை அசையவே இல்லை. வயதானால் விரல் நுனி வறண்டுவிடுகிறது. ரேஷன் கடையில் கைரேகை விழாமல் பெரியவர்கள் படும் பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்களே. அவரோ தொடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அழுத்திப் பிடிப்பார். இந்தச் சாதனங்களில் அழுத்திப் பிடித்தால் வேறு அர்த்தம். ஆப்பே இடம் மாறிவிடும், சில சமயம் காணாமல் போய்விடும். “நான் ஏதோ கெடுத்துட்டேன்” என்று இரண்டு நாள் தொடாமல் இருந்தார். நானும் “அப்படி இல்ல பெரியப்பா, இப்படி” என்று கையிலிருந்து பிடுங்கியிருக்கிறேன். மகனுக்குக் கற்றுக்கொடுக்கும்போது இருந்த பொறுமை, நம்மைத் தூக்கி வளர்த்தவர்களிடம் ஏன் வருவதில்லை?

நூறு ரூபாய் சொச்சத்துக்கு ரப்பர் முனை வைத்த பேனா வாங்கினோம், விரல் பிரச்னை தீர்ந்தது. ஒரே ஆப்பில் திரையைப் பூட்டி வைக்கும் வசதி பெரும்பாலான டேப்லெட்டுகளில் இருக்கிறது. வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் செய்துகொடுப்பார்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். மடியில் வைத்தால் கழுத்து வலிக்கும், சாய்த்து நிறுத்த ஒரு ஸ்டாண்டு போதும். தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள், மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினாலே தேடும். சிம் வேண்டாம், பேங்க் ஆப், யுபிஐ எதுவும் அதில் கூடவே கூடாது. காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

யூடியூபை மட்டும் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். விமானம் என்று நான்கு வீடியோ பார்த்தால் ஐந்தாவதாக விபத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒரு நாள் ராத்திரி பெரியப்பா அப்படி எதையோ பார்த்துவிட்டு, துபாயில் இருக்கும் பேத்தி ஊருக்கு வரவே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். அவளது விமானம் அரபிக்கடல் தாண்டி, மேற்குக் கரை ஏறி, நம் பக்கம் வருவதை நாங்கள் கூடவே உட்கார்ந்து காட்டியபிறகுதான் தூங்கினார்.

பெரியப்பாவுக்கு விமானம். உங்கள் வீட்டுத் தாத்தாவுக்கு ரயில் என்ஜினாக இருக்கலாம், பாட்டிக்குத் தறியாக இருக்கலாம், வயலாக இருக்கலாம். எண்பது தாண்டினாலே பக்திப் பாட்டு போதும் என்று முடிவு செய்தது யார்? நாம்தான். அவர்களைக் கேட்டோமா?

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன். மீனம்பாக்கத்தில் நல்ல மழை.

“மூணு ப்ளேன் இறங்க முடியாம கடல் மேல சுத்துது, பார்த்தியாம்மா?”

பார்க்கவில்லை. செல்போனில் ஆப்பைத் திறந்தேன். நான் எண்ணியபோது இரண்டுதான் இருந்தன.

“ரெண்டுதான் இருக்கு பெரியப்பா.”

“இரு, இரு.” பேனா திரையில் தட்டும் சத்தம் கேட்டது. “ஆமா. கோயம்புத்தூர்க்காரன் இறங்கிட்டான்.”

அன்புடன்,
ஆசிரியர்