முழங்கையும் கண்ணிமையும்

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தைக் கொண்டு கிரிக்கெட் ஆடிப் பழகிய தங்கராசு நடராஜன், 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு அணிக்காக ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் முதன்முதலாகக் களமிறங்கினார். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அவருடைய பந்துவீச்சு முறை ஐயத்திற்குரியது என்று புகார் எழுந்தது. பந்தை அவர் வீசுகிறாரா, எறிகிறாரா என்பதே வினா. அவர் ஊருக்குத் திரும்பிவிடவில்லை. பயிற்சியாளர்களின் துணையோடு தம் வீச்சு முறையைத் திருத்தியமைத்துக்கொண்டு மீண்டு வந்தார். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலிய மண்ணில் இந்திய அணிக்காக ஆடத் தொடங்கி, ஒரே சுற்றுப்பயணத்தில் மூவகைப் போட்டிகளிலும் அறிமுகமான முதல் இந்திய வீரர் என்னும் பெயரைப் பெற்றார்.

ஒரு கையின் அசைவைப் பற்றி எழுந்த ஐயம், ஒருவருடைய வாழ்க்கையையே நிறுத்திவைக்க வல்லது. அவ்வசைவை அளப்பவர் யார், எதைக்கொண்டு அளக்கிறார், அளந்தபின் என்ன செய்கிறார் என்னும் கேள்விகள் விளையாட்டுத் திடலோடு முடிந்துவிடுவதில்லை. காணொலியிலிருந்து மனித அசைவுகளையும் சைகைகளையும் கண்டறியும் கணினிப் பார்வை, இன்று தொழிற்கூடங்களுக்கும் லாரிகளின் ஓட்டுநர் இருக்கைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அக்கருவி எவ்வளவு துல்லியமானது என்று கேட்பதற்கு முன், அளக்கப்படுபவர் அவ்வளவைப் பார்க்கவும் மறுக்கவும் தம்மைத் திருத்திக்கொள்ளவும் வழியுண்டா என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து. விளையாட்டு இதில் நமக்கு முன்னே சென்றிருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்கலாம்.

கிரிக்கெட் விதி, முழங்கை மடங்கியிருப்பதைத் தடுக்கவில்லை. மடங்கிய கை, பந்து விரல்களை விட்டு நீங்கும் தருணத்தில் நிமிர்வதையே தடுக்கிறது. கை தோள் உயரத்திற்கு வரும் கணத்திலிருந்து பந்து நீங்கும் கணம் வரை முழங்கை நிமிரும் அளவு 15 பாகையைத் தாண்டக் கூடாது என்பது 2005-ஆம் ஆண்டு முதல் பன்னாட்டு கிரிக்கெட் மன்றம் வகுத்துள்ள எல்லை. இவ்வளவும் நடந்து முடிவது ஏறத்தாழப் பத்தில் ஒரு நொடியில். திடலில் நிற்கும் நடுவரின் கண் இதை எவ்வாறு காணும்?

கண்டியில் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரனின் வரலாறு இக்கேள்விக்கு விடை தருகிறது. 1995 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்ட் போட்டியில், பல்லாயிரவர் பார்த்துக்கொண்டிருக்க, நடுவர் டேரல் ஹேர் அவருடைய பந்துகளை எறி என்று கூறி ஏழு முறை 'நோ பால்' அறிவித்தார். பிறவியிலேயே முழுமையாக நிமிராத முழங்கை முரளிதரனுடையது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் 1996-இல் பல கோணங்களிலிருந்து படமெடுத்து ஆராய்ந்தார்கள். மடங்கிய கை தோளிலும் மணிக்கட்டிலும் சுழலும்போது, நிமிர்வதுபோன்ற தோற்ற மயக்கம் பார்ப்பவர் கண்ணில் உண்டாகிறது என்பது ஆய்வின் முடிவு. நடுவர் பொய் சொல்லவில்லை, அவருடைய கண்தான் ஏமாந்தது. எனினும் ஐயம் ஓயவில்லை. 1999-இல் அடிலெய்டில் மீண்டும் ஒரு நடுவர் அதே குற்றத்தைச் சாட்டியபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் வீரர்களைத் திடலின் எல்லைவரை அழைத்துச் சென்றுவிட்டார்.

2004-இல் முரளிதரனின் 'தூஸ்ரா' என்னும் பந்து புகாருக்கு உள்ளானது. இம்முறை அளவு அவருக்கு எதிராகவே வந்தது. அவருடைய முழங்கை 14 பாகை நிமிர்ந்தது, சுழற்பந்து வீச்சாளருக்கு அன்றிருந்த எல்லையோ 5 பாகை. பயிற்சியால் அதைப் 10 பாகையளவிற்குக் குறைத்தும் எல்லைக்குள் வரவில்லை. ஆனால் அதே காலத்தில், ஐயத்திற்கே ஆளாகாத மற்றப் பந்துவீச்சாளர்களையும் அதே கருவிகளால் அளந்து பார்த்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. ஏறத்தாழ எல்லாருடைய முழங்கையும் ஓரளவு நிமிரத்தான் செய்தது. பழைய எல்லையைக் கண்டிப்பாகப் பின்பற்றினால் புகழ்பெற்ற வீரர் பலர் வீடு திரும்ப வேண்டியிருந்திருக்கும். அதனால்தான் விதியே மாறியது. ஒருவரை மட்டும் அளந்திருந்தால் அவர் குற்றவாளியாகியிருப்பார். எல்லாரையும் அளந்ததால், குறை விதியில் இருந்தது தெரிந்தது. முரளிதரன் 2010-இல் காலியில் தம் 800-ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி டெஸ்ட் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்.

அக்காலத்து ஆய்வகங்களில் வீரரின் தோளிலும் முழங்கையிலும் மணிக்கட்டிலும் ஒளியை எதிரொளிக்கும் சிறு குமிழ்களை ஒட்டிப் படமெடுத்தார்கள். கணினி குமிழ்களை மட்டும் பின்தொடர்ந்தது. இதற்கு அடிப்படையான ஓர் உண்மையை சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் யோஹான்சன் 1973-இல் காட்டியிருந்தார். இருட்டில் நடக்கும் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் சிறு விளக்குகளைப் பொருத்தினால், உருவமே தெரியாவிட்டாலும் பார்ப்பவர் அதை மனித நடை என்று உடனே உணர்ந்துகொள்கிறார். உடலின் அசைவு முழுவதும் ஒரு கைப்பிடிப் புள்ளிகளுக்குள் அடங்கிவிடுகிறது.

இன்று குமிழ்கள் தேவைப்படுவதில்லை. ஆயிரமாயிரம் படங்களில் தோள் எது, முழங்கை எது என்று மனிதர்கள் குறித்துத் தந்தவற்றைக் கொண்டு நரம்பணு வலைப்பின்னல் எனப்படும் கணிப்பு முறை பயிற்சி பெறுகிறது. பின்னர் புதிய படத்தில் மூட்டுகள் எங்கிருக்கக்கூடும் என்று அதுவே ஊகிக்கிறது. 2017-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட 'ஓபன்போஸ்', ஒரே படத்திலுள்ள பலருடைய மூட்டுகளை உடனுக்குடன் கண்டது. கூகுள் 2019-இல் வெளியிட்ட 'மீடியாபைப்' தொகுதி இன்று உடலில் 33 புள்ளிகளையும், ஒவ்வொரு கையிலும் 21 புள்ளிகளையும் குறிக்கிறது. விலையின்றிக் கிடைக்கும் இதனை நம் கையிலுள்ள திறன்பேசியிலேயே இயக்கலாம். பன்னாட்டு மன்றத்தின் ஏற்பைப் பெற்ற சோதனைக்கூடம் சென்னை போரூரில் உள்ளது. ஓமலூரில் பந்து வீசும் மாணவர் அவ்வளவு தொலைவு செல்லாமலே தம் வீச்சை ஓரளவு ஆராய்ந்துகொள்ளலாம் என்பது சிறிய செய்தியன்று.

ஓரளவு என்றுதான் சொல்ல வேண்டும். திறன்பேசி பொதுவாக நொடிக்கு 30 படங்களை எடுக்கிறது. பத்தில் ஒரு நொடியில் முடியும் செயலுக்கு அதில் கிடைப்பவை மூன்றே படங்கள். இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. ஒற்றைக் கேமரா உலகைத் தட்டையாகக் காண்கிறது. சுழலும் கை நிமிரும் கையாகத் தோன்றும் மயக்கம், மெல்போர்ன் நடுவரின் கண்ணுக்கு நேர்ந்ததுபோலவே இக்கருவிக்கும் நேரும். வேறுபாடு ஒன்றுதான். நடுவர் தவறினால் அரங்கமே வாதிட்டது. கணினி 17.3 பாகை என்று ஓர் எண்ணைக் காட்டினால், அந்தப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கத்தைக் கண்டு நாம் வாயடைத்துப் போகிறோம்.

கருவி எந்த உடல்களைப் பார்த்துப் பழகியது என்பதும் கருதத்தக்கது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, சிறு வயதில் பேருந்து ஏறியதால் வலக்காலின் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி சிதைந்தவர். 2016 ரியோ பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். அவருடைய ஓட்டத்தையும் எழுச்சியையும், இரு கால்களும் ஒத்த உடல்களையே பெரும்பாலும் பார்த்துப் பயின்ற ஒரு மென்பொருள் எவ்வாறு படிக்கும்? இல்லாத இடத்தில் ஒரு கணுக்காலைப் பொருத்தக்கூடும், சீரான தாவலைப் பிழை என்று குறிக்கவும் கூடும். முரளிதரனின் முழங்கையும் மாரியப்பனின் காலும் பொது வாய்பாட்டுக்கு அடங்காதவை. அவர்களுடைய திறன் அவ்வுடலுக்கேற்பவே வளர்ந்தது.

இனி நாமக்கல்லுக்கு வருவோம். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளும், டேங்கர் லாரிகளும், நாடெங்கும் ஓடும் ஓட்டுநர்களும் அவ்வூரின் அடையாளம். ஓட்டுநரின் முகத்தை நோக்கிப் பொருத்தப்படும் கேமரா, இப்போது வணிக வாகனங்களில் பரவி வருகிறது. அது கண்ணிமையின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் புள்ளிகளாகக் கொண்டு, இமை எவ்வளவு நேரம் மூடியிருந்தது என்று கணக்கிடுகிறது. வாய் அகலத் திறந்தால் கொட்டாவி எனவும், கை காதருகே சென்றால் கைப்பேசி எனவும் கருதுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, இரண்டு நொடி இமை மூடினால் 33 மீட்டர் கடந்துவிடும். தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தை அறிந்தவர்க்கு அந்த 33 மீட்டரின் பொருள் விளங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் புதிய வண்டிகள் அனைத்திலும் ஓட்டுநரின் சோர்வை எச்சரிக்கும் அமைப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உயிரைக் காக்கும் இக்கருவியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

எச்சரிக்கை யாருக்குச் செல்கிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஓட்டுநரின் காதில் ஒலித்தால் அது காவல். உரிமையாளரின் திரையில் எண்ணாகச் சேர்ந்து மாத முடிவில் கூலியைக் குறைத்தால், அது தீர்ப்பு. வெற்றிலை மெல்லும் வாய், எதிர்வெயிலில் இடுங்கிய கண், கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்த தலை ஆகியவை எல்லாம் இமைக்கும் வாய்க்கும் புள்ளி வைத்துப் பார்க்கும் கருவிக்குச் சோர்வாகவோ கவனக்குறைவாகவோ தோன்றலாம். சைகையின் நிலை இன்னும் கடினம். எதிரே வரும் வண்டியைப் பார்த்து உயர்த்தும் கை வணக்கமாகவும் இருக்கும், முன்னால் விபத்து, மெதுவாகப் போ என்னும் எச்சரிக்கையாகவும் இருக்கும். வண்டி பின்னேறும்போது கிளீனர் காட்டும் கையசைவு அந்த ஓட்டுநருக்கு மட்டுமே முழுதும் விளங்கும். கருவி அசைவைக் காண்கிறது. பொருள், சாலையையும் சூழலையும் அறிந்தவரிடம் இருக்கிறது.

நடராஜனுக்கும் முரளிதரனுக்கும் கிடைத்தவற்றை எண்ணிப் பாருங்கள். குற்றச்சாட்டு இன்னது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. திருத்திக்கொள்ளக் காலமும் பயிற்சியாளரும் கிடைத்தனர். முரளிதரன் தம்மைப் பற்றிய எண்ணைக் கண்டார், அதை அளந்த அறிஞர்களோடு பேசினார், மறுபடியும் அளக்கப்பட்டார், விதியையே கேள்வி கேட்க அவருக்கு நாடு துணைநின்றது. இரவெல்லாம் வண்டி ஓட்டும் ஒருவருக்கு இவற்றுள் எது உண்டு?

சட்டம் கைகொடுக்கும் என்று எண்ணினால் ஏமாற்றமே எஞ்சுகிறது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை சார்ந்த நோக்கங்களுக்காகவும் முதலாளியை இழப்பிலிருந்து காக்கவும் தரவை ஒப்புதலின்றியே கையாள இடமளிக்கிறது. தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பெறும் உரிமையை, ஒப்புதல் தந்தவருக்கே வழங்குகிறது. அதாவது, கேட்காமலே படமெடுக்கப்பட்ட ஓட்டுநர் அப்படத்தைக் கேட்க முடியாத நிலை உருவாகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டமோ, பணியிடத்திலும் பள்ளியிலும் ஒருவருடைய முகத்தையும் அசைவையும் கொண்டு அவர் மனவுணர்ச்சியைக் கணிப்பதையே தடை செய்கிறது. மருத்துவத்திற்கும் பாதுகாப்பிற்கும் மட்டும் விலக்கு அளிக்கிறது. காவலுக்கும் வேவுக்கும் இடையே கோடு போட முடியும் என்பதற்கு இது சான்று.

உரிமையாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. கடன் வாங்கி வண்டி வாங்கியவருக்கு ஒரு விபத்து குடும்பத்தையே கவிழ்த்துவிடும். நாமக்கல் பகுதியில் உரிமையாளர்களுள் பலர் நேற்று ஓட்டுநராக இருந்தவர்கள். உறக்கத்தோடு போராடிய இரவுகளை அவர்கள் கேள்வியால் அல்ல, அனுபவத்தால் அறிவார்கள். அவர்களுக்கு இதை விளக்கப் பேராசிரியர் வேண்டியதில்லை. சட்டம் திருந்தும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. உரிமையாளர் சங்கங்களும் ஓட்டுநர் சங்கங்களும் அமர்ந்து பேசி, வேலை உடன்படிக்கையில் சிலவற்றை இன்றே எழுதிக்கொள்ளலாம். எச்சரிக்கை முதலில் ஓட்டுநருக்கே ஒலிக்க வேண்டும். கூலியைத் தொடும் எந்தப் பதிவையும் அவர் முழுக் காணொலியாகப் பார்க்க வேண்டும். அவருடைய விளக்கத்தைக் கேட்காமல் எண்ணை மட்டும் வைத்து எதையும் பிடித்தம் செய்யலாகாது. மாதம் முழுவதும் ஒருவர் இமை மட்டும் அடிக்கடி மூடுகிறது என்றால், எல்லா ஓட்டுநர்களின் பதிவையும் அருகில் வைத்துப் பார்த்து, அவருக்குத் தரப்படும் வழித்தடத்தையும் ஓய்வு நேரத்தையும் ஆராய வேண்டும். ஒருவேளை, சேலத்திலிருந்து புறப்பட்டு எந்த நேரத்திற்குள் சரக்கைச் சேர்க்க வேண்டும் என்று வகுத்த கால அட்டவணையில் அந்தக் குறை இருக்கக்கூடும்.