முகூர்த்தத்தை நிறுத்த இவர்கள் யார்?

கெட்டிமேளம் கொட்டுகிறது. தாலியோடு மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போய்விட்டது. "சார், அப்படியே இருங்க. இங்க பாருங்க, சிரிங்க" என்கிறது ஒரு குரல். அவரும் முடிச்சை விட்டுவிட்டு லென்ஸைப் பார்க்கிறார். மணவறையைச் சுற்றி நாலைந்து முதுகுகள். ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த சொந்தக்காரர்கள் எறியும் அட்சதை அந்த முதுகுகளில் விழுகிறது. தாலி கட்டுவதை அவர்கள் எல்இடி திரையில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

யாரும் தடுப்பதில்லை. "படம் நல்லா வரணும்னா அவங்க சொல்றபடி நின்னுதானே ஆகணும்?" என்று பெண்ணைப் பெற்றவர்களே சமாதானம் சொல்கிறார்கள். தவறு. நிற்க வேண்டியதில்லை.

ஃபிலிம் காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. ஒரு ரோலில் 36 படம்தான். மண்டப வெளிச்சம் அந்த ஃபிலிமுக்குப் போதாது. ஃபிளாஷ் அடித்தால் அது மறுபடி சார்ஜ் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். தப்பினால் போனதுதான். இன்று அதே வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் ஐஎஸ்ஓ 6400 வைத்து எடுத்த படமே ஆல்பத்துக்குத் தாராளமாகத் தேறுகிறது. மிரர்லெஸ் கேமராவில் ஷட்டர் சத்தம்கூட இல்லாமல் எடுக்கலாம். காரணம் போய்விட்டது, அதிகாரம் மட்டும் மிச்சம்.

'கேண்டிட்' என்று தனியாகப் பணம் வாங்கும் டீமும் பல இடங்களில் இதையேதான் செய்கிறது. "அவங்க காதுல ஏதாவது சொல்லுங்க, நீங்க வெட்கப்படுங்க." சொல்லிக்கொடுத்து வரவழைத்த வெட்கத்தை இயல்பென்று விற்பது பொய். குரூப் போட்டோ அப்படியல்ல. படத்துக்காக நிற்கிறோம் என்று தெரிந்தே எல்லோரும் நிற்கிறார்கள். பாட்டியை நடுவில் உட்காரவைத்து ஆசைதீர எடுங்கள், ரிசப்ஷன் மேடை அதற்குத்தான் இருக்கிறது. சடங்கை நடிக்கவைப்பதுதான் கூடாது.

1937-ல் லண்டனில் ஆறாம் ஜார்ஜ் முடிசூடியபோது, பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் மன்னரை விட்டுவிட்டு, ஊர்வலம் பார்க்கத் தெருவில் திரண்டிருந்த ஜனங்களைப் படம் எடுத்தார். ஃபிளாஷ் அவருக்கு ஆகாது. 1950 ஏப்ரலில் ரமணரின் கடைசி நாட்களில் திருவண்ணாமலை ஆசிரமத்திலும் கேமராவோடு இருந்தவர் அவர். விழாவானாலும் துக்கமானாலும் நடப்பதை நடக்கவிட்டு எடுப்பதற்கு இவ்வளவு பழைய முன்மாதிரி இருக்கிறது. நம் கல்யாண மண்டபத்துக்கு மட்டும் அது ஏன் ஒத்துவராது?

தாரை வார்க்கும்போது அப்பாவின் கை நடுங்குகிறது. மீதி முடிச்சுகளைப் போட வந்த நாத்தனாரின் விரல்கள் மாலைக்கும் பின்னலுக்கும் நடுவே மஞ்சள் கயிற்றைத் துழாவுகின்றன. முடிச்சு விழுந்ததும் பெண்ணின் கண் கூட்டத்தில் அம்மாவைத் தேடுகிறது. இருபது வருடம் கழித்து அந்தக் குடும்பம் தேடப்போவது இந்தப் படங்களைத்தான். "இன்னொரு தடவை" என்று கேட்டு இவற்றை வாங்க முடியாது. கேட்கிறவர் இருக்கும் இடத்தில் இவை நடப்பதும் இல்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கேமராக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரு படத்தில் கண் மூடியிருந்தால் சண்டைக்குப் போகிறவர்கள் நாம். அந்தப் பயத்தில்தான் அவர்கள் எல்லாவற்றையும் நிறுத்திவைத்து எடுக்கிறார்கள்.

அதனால் அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். பொறுக்கியெடுத்த பத்துப் படம் வேண்டாம், ஒரு கல்யாணத்தை முழுசாகக் காட்டச் சொல்லுங்கள். மணவறைக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது, பக்கவாட்டிலிருந்து எடுக்கட்டும். எந்தச் சடங்கையும் நிறுத்தவோ திரும்பச் செய்யச் சொல்லவோ கூடாது. கண் மூடிய படத்துக்கு நாங்கள் சண்டை போட மாட்டோம் என்று நீங்களும் வாக்குக் கொடுங்கள். அதற்குப் பிறகும் "அப்படின்னா படத்துக்கு நான் பொறுப்பில்லை" என்று ஒருவர் சொன்னால், வேறு ஆளைப் பாருங்கள்.