முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு

வட மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கு,



வல்வெட்டித்துறையில் ஒரு செத்தவீடு நடந்தால் முதல் ஒரு மாதத்துக்கு உங்கள் திணைக்களத்தின் உதவி எங்களுக்குப் பெரிதாகத் தேவைப்படாது. பந்தலுக்கும் கதிரைக்கும் பெடியள் ஓடுவார்கள். அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் தேத்தண்ணியும் சோறும் அயல்வீடுகளிலிருந்து வரும். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி சொல்லி அழுவார்கள். அழாமல் விறைத்துப்போய் இருப்பவளை ஒரு கிழவி வந்து உலுப்பி அழவைப்பாள். பிறகு காடாத்து, எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. செத்தவரின் படம் போட்ட கல்வெட்டுப் புத்தகம் அன்றைக்கு எல்லார் கையிலும் இருக்கும். எந்த நாளில் எதைச் செய்வது என்று வீட்டுக்காரர் மண்டையை உடைக்கத் தேவையில்லை, ஊர் சொல்லிவிடும். இதெல்லாம் வீண் செலவு, பழைய பழக்கம் என்று பேசுகிற படித்தவர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. செலவு பற்றி அவர்கள் சொல்வது சரி. மற்றதில் நாம் அவர்களோடு உடன்படவில்லை.

இந்த மடல் முப்பத்திரண்டாம் நாளைப் பற்றியது.

அன்றைக்குப் பந்தல் இல்லை. லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்த பிள்ளைகள் லீவு முடிந்து போய்விட்டார்கள். அகதி வழக்கு முடியாததால் வெளிக்கிட முடியாத ஒரு மகன், தகப்பனின் செத்தவீட்டைக் கைபேசியில் பார்த்து முடித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போயிருக்கிறான். இங்கே மாடி வீடு, கேற்றில் கமரா, உள்ளே வயதான தாய் ஒருத்தி. ரீவி நாள் முழுக்க ஓடுகிறது. அவ அதைப் பார்ப்பதில்லை, வீட்டில் ஒரு சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சில மாதங்கள் கழித்து அவ வைத்தியசாலையின் வெளிநோயாளர் வரிசையில் நிற்பா. "நித்திரை வருகுதில்லை டொக்டர், நெஞ்சு இடிக்குது, ஒரே யோசினை." பிரஷர் பார்ப்பார்கள், குளிசை கொடுப்பார்கள். பின்னால் நீள வரிசை நிற்கையில் "வீட்டில ஆர் செத்தது அம்மா?" என்று கேட்க எந்த டொக்டருக்கும் நேரமிராது. டொக்டரில் பிழை இல்லை. கேட்கவென்று வேறொருவர் அங்கே இருக்க வேண்டும் என்கிறோம்.

போர் முடிந்த கையோடு, 2009 யூலை முதல் செப்டெம்பர் வரை, யாழ். மாவட்டத்தில் 1,400க்கு மேற்பட்ட வீடுகளில் எடுத்த கணக்கொன்று 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதம் பேரிடம், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதம் பேரிடம், பதகளிப்பின் அறிகுறிகள் 32.6 வீதம் பேரிடம். கருத்தரங்குகளில் பேசப்படுவது பெரும்பாலும் அந்த 7 வீதம். எங்களுக்குக் கவலை மற்ற இரண்டும்தான், அவைதான் மேலே சொன்ன வரிசையில் நிற்கின்றன.

மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தை உங்களுக்கு நாங்கள் அறிமுகம் செய்யத் தேவையில்லை. போர் உக்கிரமாக நடந்த காலத்தில் வடக்கில் தற்கொலைகள் குறைந்திருந்தன என்று அவரும் இராஜதுரையும் 1995இல் எழுதினார்கள். கேட்பதற்குப் புதிராக இருக்கும். அந்தக் காலத்தில் பங்கருக்குள் இருந்தவர்களுக்கு இதில் புதிர் இல்லை. குண்டு விழுந்த நாட்களில் தனியே இருக்க யாருக்கும் வாய்க்கவில்லை. தனிமை பிறகுதான் வந்தது.

ஆனால் ஊர் எல்லாவற்றையும் தாங்கும் என்றும் யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். 1989 ஆகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கி மூன்று நாட்களில் இந்திய அமைதிப் படையினர் இங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பக்கத்து வீட்டில் உலை ஏறும். ஊர் முழுக்கச் செத்தவீடானால் யார் யாருக்குச் சமைப்பது? அழவைக்க வருகிற கிழவியின் வீட்டிலும் பிணம் கிடந்தால்? கூட்டு மனவடு என்று சோமசுந்தரம் எழுதியது இதைத்தான்: தனியாளின் மனம் மட்டுமல்ல, அந்த மனத்தைத் தாங்கிப் பிடிக்கிற உறவும் அயலும் சேர்ந்து உடைந்துபோவது. தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் ஏறுகிற பட்டங்களைப் பார்த்துவிட்டு, வல்வை மீண்டுவிட்டது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டமும் உண்மைதான். அதை ஏற்றுகிறவனின் வீட்டில் நித்திரைக் குளிசை இருப்பதும் உண்மைதான்.

முப்பத்தோராம் நாளே இல்லாத வீடுகளும் இருக்கின்றன. கடலுக்குப் போய்த் திரும்பாதவனின் வீடு. பிடித்துக்கொண்டு போனவனின், படையினரிடம் கையளிக்கப்பட்டவனின் வீடு. காத்திருப்பு இந்த ஊருக்குப் புதிதல்ல. இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் எங்கள் தண்டையலோடும் மாலுமிகளோடும் 1938 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அவர்களின் பெண்சாதிமாரும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு கப்பல் இருந்தது, அது போய்ச் சேர ஒரு துறை இருந்தது. காணாமலாக்கப்பட்டவனின் தாய் எதைப் பார்த்துக்கொண்டு இருப்பா? மாசியம் செய்வதா, திவசம் கொடுப்பதா? கொடுத்தால் தானே பிள்ளையைக் கொன்றதாகிவிடும் என்று நினைக்கிறா. 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வருடத்துக்கு மேல் காணாதவரை இறந்தவராகப் பதிய வழிசெய்தது. இறப்பு என்று எழுதாமல் காணப்படாமைச் சான்றிதழ் பெறலாம் என்று 2016இல் திருத்தினார்கள். நீதியும் நட்டஈடும் வேறு அலுவலகங்களின் பொறுப்பு, அவற்றுக்கு வேறு மடல் எழுதுவோம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தத் தாயிடம் "அவர் இல்லையெண்டு நினைச்சு மனதைத் தேற்றுங்கோ அம்மா" என்று உங்கள் உத்தியோகத்தர் யாரும் சொல்லக்கூடாது. வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் மனைவிமாரிடையே ஆய்வு செய்த பவுலின் பொஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை, இத்தகைய இழப்புக்கு முடிவு கட்டச் சொல்லி வற்புறுத்துவது கெடுதல் என்கிறார். "இருக்கிறான், இல்லை" என்ற இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு சமைக்கவும் நித்திரை கொள்ளவும் பழக உதவுவதே வைத்தியம்.

இனி எங்கள் கோரிக்கை. மந்திகை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தால் எங்கள் சனத்தில் பாதிப்பேர் போகமாட்டார்கள். "அவவுக்கு விசராம்" என்ற கதை அவ திரும்பி வருமுன் சந்தைக்கு வந்துவிடும். ஆகவே நீங்கள் வீட்டுக்கு வரவேண்டும், அதுவும் அந்தியேட்டி முடிந்த பிறகு. வீட்டில் நிகழும் சாவை எப்படியும் கிராம அலுவலரிடம் அறிவிக்கிறோம். அந்தத் தகவல் குடும்பநல உத்தியோகத்தருக்குப் போனால் போதும், ஆறாம் கிழமையில் ஒரு வருகை, மூன்றாம் மாதத்தில் இன்னொன்று. மனநலம் என்று எழுதிய வாகனத்தில் வரவேண்டாம்.

ஆளில்லை என்பீர்கள். சிம்பாப்வேயின் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவருக்கும் 2006இல் ஆளில்லை. 14 பாட்டிமாரைப் பழக்கி, கிளினிக்குக்கு வெளியே ஒரு மர வாங்கில் இருத்தினார். அந்த வாங்கில் இருந்து கதைத்தவர்களின் மனச்சோர்வு நன்றாகக் குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. எங்களிடம் இளைப்பாறிய ரீச்சர்மார் இருக்கிறார்கள், செத்தவீட்டில் அழவைக்கிற கிழவிகள் இருக்கிறார்கள். 1987 முதல் யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை செய்துவரும் சாந்திகம் போன்ற நிறுவனத்தின் அனுபவமும் இருக்கிறது. பழக்குங்கள், கைச்செலவுக்குக் காசு கொடுங்கள். தொண்டு என்ற பெயரில் சும்மா வேலை வாங்குவதில் எங்களுக்குச் சம்மதமில்லை. பொறுப்பாக ஒருவரை நியமித்தால் மூன்று வருடத்துக்காவது இடமாற்றம் செய்யாதீர்கள். தன் கதையை ஒருமுறை சொல்லி அழுத மனிசி, புதிதாக வந்தவரிடம் முதலிலிருந்து சொல்லமாட்டா.

ஆம்பிளைகளை மறந்துவிடாதீர்கள். காலை கிளினிக் நேரம் தொழிலால் வந்து வலை கழற்றுகிற நேரம். பின்னேரம் வாடியில் வலை பொத்திக்கொண்டு இருக்கையில் கதைப்பார்கள், அதற்குப் பிறகு போத்தல் திறந்துவிடும். வருகிறவர் அந்த இடைவெளிக்குள் வரவேண்டும்.

தாயை இழந்தவர்கள் விரதம் பிடிக்கும் சித்திரா பௌர்ணமியில்தான் முத்துமாரி அம்மன் கோயிலின் இந்திரவிழாவும். ஊர் வெளிச்சமாயிருக்கும் அந்த இரவில் கதவைச் சாத்திக்கொள்ளும் வீடுகள் எவை என்று எங்களுக்குத் தெரியும். அதற்கு முன் முதல் பயிற்சிக்கு ஒரு திகதி தாருங்கள். சனசமூக நிலையத்தில் அறை கேட்டு வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு