பழைய கடல் மீன் தொட்டி: கண்ணாடியை வாங்குங்கள், பவளத்தை விட்டுவிடுங்கள்

கல்லாவுக்குப் பக்கத்தில் மீன் தொட்டி வைப்பது நம் வணிக நண்பர்களிடையே புதிய வழக்கமன்று. வாஸ்து பார்த்து வைப்பவர்கள் சிலர். சரக்குக் கட்டி முடியும் வரை வாடிக்கையாளரின் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும் என்று வைப்பவர்கள் பலர். இதுவரை தங்க மீனோடு நின்றிருந்த இந்த ஆசை இப்போது கடல் மீன் தொட்டிக்குத் தாவியிருக்கிறது. அதிலும் பவளமும் பாறையுமாக, கடலடியையே கடைக்குள் கொண்டுவந்தது போன்ற தொட்டிதான் வேண்டும் என்கிறார்கள். புதிதாக அமைக்கப் பெருந்தொகை ஆகும் என்பதால், வைத்திருந்து அலுத்துப்போனவர் விற்கும் பழைய தொட்டியைத் தேடுகிறார்கள். 'ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி, மீன், பவளம் அனைத்தும் சேர்த்துப் பாதி விலை' என்று கைப்பேசியில் வரும் விளம்பரத்தைப் பார்த்ததும் முன்பணம் அனுப்பி விடுகிறவர்களும் உண்டு.

பழைய தொட்டி வாங்குவதை நான் குறை கூறவில்லை. சிக்கனமாகச் செய்ய அதுவே நல்ல வழி. ஆனால் அதில் எதை வாங்குவது, எதை விடுவது என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். கண்ணாடித் தொட்டி, இரும்புத் தாங்கி, மோட்டார், விளக்கு ஆகியவற்றை மட்டும் விலை பேசுங்கள். பவளம், பாறை, மணல், பழைய தண்ணீர் ஆகிய நான்கும் இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் செலவுக் கணக்கைச் சொல்லி, அதன்பின் சட்டத்துக்கு வருகிறேன்.

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியைத் தளும்ப நிறைத்தால் சுமார் 255 லிட்டர் பிடிக்கும். கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் கனம் என்பதால் எடை 260 கிலோவைத் தாண்டும். 25 கிலோ அரிசி மூட்டைகள் பத்தை ஆறு சதுர அடி இடத்தில் அடுக்கியது போல. கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் 300 கிலோவுக்கு மேல் போகும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது தாங்கியை. உப்புத் தண்ணீர் தெறித்துத் தெறித்து, வெளியே பெயின்ட் பளபளத்தாலும் வெல்டிங் மூலைகளில் துரு ஏறியிருக்கும். ஒரு சாவியால் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்தது கண்ணாடி இணைப்புகளில் உள்ள சிலிக்கான் பசை. ஓரம் உரிந்திருக்கிறதா, உள்ளே காற்றுக் குமிழி தெரிகிறதா என்று கவனியுங்கள். வாங்கி வந்ததும் கடைக்குள் ஏற்றிவிடாமல், வெளியில் சமதளத்தில் பழைய செய்தித்தாள் விரித்து அதன்மேல் தொட்டியை வைத்து, மூன்று நாள் தண்ணீர் நிறைத்து விடுங்கள். தாளில் ஈரம் கண்டால் பசையை முழுவதும் உரித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான். கண்ணாடியில் படிந்த வெள்ளைக் காறையை நம் கடையில் விற்கும் வினிகரே எடுத்துவிடும். சோப்பு கூடாது.

விற்பவரிடம் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'இந்தத் தொட்டியில் எப்போதாவது செம்பு கலந்த மருந்து ஊற்றினீர்களா?' என்பதே அது. கடல் மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் கண்டால் மயில் துத்தம் போன்ற செம்பு மருந்தைப் போடுவது வழக்கம். மீன் பிழைக்கும். ஆனால் செம்பு கல்லிலும் மணலிலும் ஊறிப்போய், பின்னர் சிறிது சிறிதாகத் தண்ணீரில் இறங்கும். இறால், நண்டு, நத்தை, பவளம் போன்றவற்றுக்கு அது நஞ்சு. பழைய மணலையும் கல்லையும் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். மணலுக்கடியில் ஆண்டுக்கணக்கில் தேங்கிய அழுக்கு மற்றொரு காரணம். வண்டியில் ஏற்றி இறக்கும்போது அது கலங்கி மேலே வந்தால், ஒரே இரவில் எல்லாம் செத்து மிதக்கும். 'ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி' என்பது விற்பவர் வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது. நம் கடைக்கு வந்து சேரும்போது அது நின்றுபோன தொட்டிதான்.

இனி உப்பு. 'கடையில்தான் மூட்டை மூட்டையாகக் கல் உப்பு இருக்கிறதே, அதையே கரைத்து ஊற்றினால் என்ன?' என்று கேட்காத மளிகைக்காரர் இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். கடல் தண்ணீரைப் பாத்தியில் காய விடும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து படிந்துவிடுகிறது. அதற்குப் பிறகே நாம் விற்கும் உப்பு பூக்கிறது. மக்னீசியம் போன்றவை கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு நின்றுவிடுகின்றன. ஆக, கல் உப்பு என்பது காய்ந்த கடலன்று. கடலில் ஒரு பகுதி மட்டுமே. கடல் மீனுக்கு எல்லாச் சத்தும் கலந்த தனி உப்புக் கலவைதான் வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் 255 லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிலோ. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் ஆண்டுக்கு இன்னும் 22 கிலோ. இதை வாங்கும் விலையில் சேர்த்துக் கணக்கிட்டவர்கள் குறைவு. கடலோர ஊர்க்காரர்கள் மீனவ நண்பர்களைக் கொண்டு கரையிலிருந்து தள்ளி, தெளிந்த தண்ணீராக எடுத்துவரச் செய்யலாம். முகத்துவாரத்தின் அருகே எடுக்கவே கூடாது. சென்னையில் கூவம் கலக்கும் இடத்துத் தண்ணீர் எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தொட்டியில் வற்றும் அளவுக்குத் தினமும் ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரன்று. தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே இருக்கிறது. இந்தச் சிறு விஷயம் தெரியாமல் உப்பை ஏற்றி ஏற்றி மீனைச் சாகடித்தவர்கள் உண்டு.

மின்சாரத்தைப் பார்ப்போம். பம்புகளுக்கு 50 வாட் என்று வைத்தால் நாள் முழுதும் ஓடி 1.2 யூனிட். விளக்கு 80 வாட், எட்டு மணி நேரம் என்றால் 0.64 யூனிட். இரண்டும் சேர்ந்து மாதத்துக்கு 55 யூனிட் அளவில் முடிந்துவிடும். பவளம் வைத்தால் கதை மாறுகிறது. பவளத்துக்குத் தண்ணீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. 30-ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் வெளுத்துச் சாகத் தொடங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மூடிய கடைக்குள் இந்தக் கட்டுப்பாடு குளிர்விப்பான் இல்லாமல் நடக்காது. சிறிய மின்விசிறியை மேலே வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடலோரப் புழுக்கத்தில் அதுவும் குறையும். குளிர்விப்பான் 300 வாட், பாதி நாள் ஓடுகிறது என்று கொண்டால் தினம் 3.6 யூனிட் கூடுதல். மாதத்துக்கு 55 யூனிட் என்பது 160-ஐத் தாண்டிவிடுகிறது, அதுவும் கடைக்குரிய வணிகக் கட்டணத்தில். கோமாளி மீன், டேம்சல் போன்ற கெட்டியான மீன்கள் மட்டும் என்றால் 28, 29 டிகிரியைத் தாங்கிக்கொள்ளும், விசிறியோடு சமாளித்துவிடலாம். மின்தடைக்குப் பில் மெஷினுக்கு வைத்திருக்கும் இன்வெர்ட்டரிலேயே ஒரு காற்று பம்பை இணைத்துவிடுங்கள். சூடான உப்புத் தண்ணீரில் பிராணவாயு குறைவாகத்தான் நிற்கும், தடை நீடித்தால் மீன் மூச்சுத் திணறும்.

மளிகைக் கடைக்கென்று தனியாகச் சில ஆபத்துகள் உள்ளன. மீன் கடைக்காரர் இவற்றைச் சொல்ல மாட்டார். காற்று பம்பு கடைக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீரில் கலக்கிறது. கரப்பானுக்கு அடிக்கும் மருந்தும் கொசு விரட்டித் திரவத்தின் ஆவியும் மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். மிளகாய்த் தூள் அளக்கும் இடம், காலையில் சாம்பிராணி போடும் இடம் ஆகியவற்றின் அருகிலும் தொட்டி வேண்டாம். மறுபக்கம், குமிழி உடைந்து தெறிக்கும் உப்பு மெல்லியதாக எங்கும் படியும். மின்னணுத் தராசை அதன் பக்கத்தில் வைத்தால் தராசு கெடும். வெல்லமும் சர்க்கரையும் ஈரம் வாங்கும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இதை நண்பர்கள் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில், 2001-ஆம் ஆண்டு பாறை கட்டும் கல் பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை சேர்க்கப்பட்டன. கடல் குதிரையும் அந்த ஆண்டே சேர்ந்தது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. உயிருள்ளது மட்டுமல்ல, அழகுக்கு வைக்கும் செத்த பவளக் கல்லும் இதில் அடங்கும். முதல் அட்டவணைக் குற்றத்துக்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. அயல்நாட்டிலிருந்து வந்த பவளம் என்று விற்பவர் சொல்லக்கூடும். அதற்கு இறக்குமதித் தாள் எங்கே என்று கேளுங்கள். பன்னாட்டு வணிக உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. அதற்கான விதிகளும் 2024-இல் வந்துவிட்டன. ஒரு மூட்டைப் பருப்பைக்கூடப் பில் இல்லாமல் இறக்கப் பயப்படுகிற நாம், வாயிலில் எல்லோரும் பார்க்கும்படி பில் இல்லாத பவளத்தை வைத்துக்கொண்டு உட்காருவதா?

'என் தொட்டியில் உள்ள ஒரு துண்டால் கடல் அழிந்துவிடுமா?' என்பார்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பவளக் கல்லைப் படகு படகாக வெட்டியெடுத்த காலம் ஒன்று உண்டு. அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் போன இடங்களில் கரை அரித்தது. இன்று அவற்றில் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள். 1986-இல் அப்பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் வெட்டுவது உடனே நிற்கவில்லை, பின்னரே அடங்கியது. ஆனால் 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறி அங்குள்ள பவளங்கள் வெளுத்தன. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். ஒவ்வொரு துண்டாக எடுத்தவர்களும் ஒரு துண்டுதானே என்றுதான் எடுத்திருப்பார்கள். நமக்குக் கருவாடும் மீனும் வருவது அந்தப் பாறைகளை அண்டி வாழும் கடலிலிருந்துதான்.

பவளம் இல்லாவிட்டால் தொட்டி மொட்டையாக இருக்குமே என்று கவலைப்பட வேண்டாம். சிமென்ட்டும் கிளிஞ்சல் தூளும் சேர்த்துக் குகை குகையாக வார்த்தெடுத்தால் பார்வைக்கு நல்ல பாறை கிடைக்கும், செலவும் சொற்பம். அதை ஒரு மாதத்துக்கு மேல் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் காரத்தைப் போக்கிவிட வேண்டும். மீன் விஷயத்தில், குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீனையே கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதை வளர்த்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். கடலில் பிடித்த மீனைவிட அது தொட்டித் தீனிக்கு எளிதில் பழகும், நோயும் குறைவு.

தண்ணீர் நிரப்பியதும் மீனை விட்டுவிடக் கூடாது. ஓர் இறால் துண்டைப் போட்டு அழுக விட்டால், அதில் எழும் அம்மோனியாவை உண்ணும் நுண்ணுயிர் பாறையில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சோதனைத் திரவத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி என்று காட்டிய பிறகே முதல் மீன். அதுவும் ஒன்று அல்லது இரண்டு. தீபாவளி, பொங்கல் வியாபார நெருக்கடியில் இதைத் தொடங்கினால் கவனிக்க ஆளிருக்காது. பாறையை மார்கழியிலேயே வார்த்து ஊறப் போட்டுவிட்டு, தை கடைசியில் தொட்டியில் தண்ணீர் நிரப்பினால், பங்குனி முதல் வாரத்தில் மீன் விடலாம். சித்திரை வெயில் ஏறுவதற்குள் விசிறியை எத்தனை மணி நேரம் ஓட விட வேண்டும் என்பது கைக்குப் பிடிபட்டிருக்கும்.