சிங்கமும் மோதிரமும் நிழலும்

கதை கேளாத குழந்தை இவ்வுலகில் இல்லை. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கிளியொன்றின் உடலுக்குள் தன் உயிரை ஒளித்து வைத்த அரக்கனின் கதையைப் பாட்டியின் மடியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளோ ஆங்கில மாயக்கதைகளைத் தடித்த தொகுதிகளாகப் படிக்கின்றனர். திரைப்படங்களாகவும் கண்டு களிக்கின்றனர்.

ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார், தோட்டத்தில் வேலை செய்பவர், ஒரு நாள் என்னிடம் வந்தார். “ஐயா, மகள் படிக்கிற புத்தகத்தில் சிங்கம் ஒன்று சாமியாக வருகிறதாம். அது வேற்று மதத்துச் சாமி என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். பிள்ளை படிக்கலாமா?” என்று வினவினார். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவ்வினாவின் பயனாய் எழுந்ததே இக்கட்டுரை.

அச்சிங்கத்தின் பெயர் அஸ்லான். 1950 முதல் 1956 வரை வெளிவந்த ஏழு நார்னியா நூல்களில் அது உலவுகிறது. அந்நூல்களை எழுதியவர் சி.எஸ். லூயிஸ் என்னும் ஆங்கில இலக்கிய அறிஞர். இளமையில் கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டவர் அவர். 1931-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்து இரவொன்றில், ஆக்ஸ்போர்டு கல்லூரித் தோட்டத்து நடைபாதையில், தம் நண்பர் ஜே.ஆர்.ஆர். டோல்கியனோடும் வேறொரு நண்பரோடும் நெடுநேரம் உரையாடினார். புராணங்களுக்கும் உண்மைக்கும் உள்ள தொடர்பே அன்றைய பேச்சு. சில நாட்களில் அவர் கிறிஸ்துவராக மனம் திரும்பினார். ஆகவே, பக்கத்து வீட்டார் கூறியதில் பொய்யில்லை. துரோகம் இழைத்த எட்மண்ட் என்னும் சிறுவனுக்காக அஸ்லான் தன் உயிரைக் கொடுத்து, மறுநாட் காலையில் உயிர்த்தெழுகிறது. இது ஏசுநாதர் வரலாற்றின் சாயலே என்பதை லூயிஸ் ஒருபோதும் மறைத்தாரில்லை.

அதனாற் பிள்ளைகள் மதம் மாறிவிடுவர் என அஞ்சுவது வீண் அச்சம் என்பது என் கருத்து. குழந்தைகள் சிங்கத்தின் பிடரியைத்தான் முதலிற் காண்கின்றனர். எனக்கு உறுத்துவது வேறொன்று. நார்னியாவின் பகைவர் நாடு கலோர்மென். அந்நாட்டு மக்கள் கருநிறத்தவர், தலைப்பாகை கட்டியவர், வளைந்த வாள் ஏந்தியவர், கொடிய தெய்வத்தைத் தொழுபவர். வெண்ணிறத்தார் நல்லவர், கருநிறத்தார் தீயவர் என்னும் எண்ணம், எவரும் வாய்விட்டுச் சொல்லாமலே, படிக்கும் பிள்ளையின் நெஞ்சிற் படிந்துவிடும். நம் வீட்டுப் பிள்ளை அந்நூலில் தன் முகத்தை எங்கே தேடும்?

ஆயினும் லூயிஸை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கலோர்மென் நாட்டுப் பெண்ணான அராவிஸ் துணிவுமிக்க கதைத் தலைவியாக வருகிறாள். இறுதி நூலில் எமெத் என்னும் இளம் வீரன் வருகிறான். பிறந்தது முதல் தன் நாட்டுத் தெய்வத்தையே உள்ளன்போடு வணங்கியவன் அவன். அஸ்லானின் முன் அஞ்சி நிற்கும் அவனைச் சிங்கம் தண்டிக்கவில்லை. அவன் தூய மனத்தோடு செய்த தொண்டனைத்தையும் தனக்கே செய்ததாக ஏற்றுக்கொள்கிறது. கிறிஸ்துவரிலேயே சிலருக்கு இப்பகுதி உடன்பாடில்லை. எனக்கோ ஏழு நூல்களிலும் இதுவே உயர்ந்த இடமாகப் படுகிறது.

டோல்கியனின் வழி தனி வழி. அவர் கத்தோலிக்க சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். எனினும், 1954, 1955-ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த ‘மோதிரங்களின் தலைவன்’ கதையில் கோயில் இல்லை, குருமார் இல்லை. நண்பரின் நார்னியாக் கதைகள் அவருக்குப் பிடிக்கவுமில்லை! கடவுளைப் பெயர் சொல்லி அழைக்காமலே அறத்தைக் காட்ட இயலும் என்பதற்கு அவர் நூல் சான்று.

அரக்கன் கிளிக்குள் உயிரை வைத்ததைப் போலவே, சௌரோன் என்னும் கொடியவன் தன் ஆற்றலை ஒரு மோதிரத்திற்குள் வைத்திருக்கிறான். அதை எரிமலையில் எறிந்து அழிப்பதற்காகப் பிரோடோ என்னும் சிற்றுருவினன் நெடும்பயணம் மேற்கொள்கிறான். அவ்வளவு துன்பமும் பட்டு, மலையின் விளிம்பில் நின்றபோது, மோதிரத்தை எறிய அவனுக்கு மனம் வரவில்லை. கதைத் தலைவன் தோற்றுப் போகிறான்! பிறகு யாரால் அது அழிந்தது? கோல்லம் என்னும் இழிந்த பிறவியால். மோதிரத்தின் மீது கொண்ட வெறியினால் அதைப் பறித்துக்கொண்டு, கால் இடறி நெருப்பில் வீழ்கிறான் அவன். முன்பு பலமுறை அவனைக் கொல்ல வாய்ப்பிருந்தும், இரங்கி விட்டுவிட்டனர். அந்த இரக்கமே உலகைக் காத்தது. 2001 முதல் 2003 வரை வெளிவந்த திரைப்படங்களில், மூன்றாவது படம் 11 ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அப்படங்களைப் பார்த்த பிள்ளைகள் போர்க் காட்சிகளைப் பற்றியே பேசுகின்றனர். இதைப் பற்றிப் பேசக் கேட்டேனில்லை.

டோல்கியனின் கதையிலும் தெற்கிலிருந்து வரும் கருநிற வீரர்கள் பகைவருக்காகவே போரிடுகின்றனர். அக்குறை அவரிடமும் உண்டு. ஆனால், அவ்வீரர்களுள் ஒருவன் இறந்து கிடப்பதைக் காணும் சாம் என்னும் தோட்டக்காரன், இவன் பெயர் என்னவோ, உண்மையிலேயே தீய நெஞ்சினனோ, எந்தப் பொய்யை நம்பி வீட்டை விட்டு இவ்வளவு தொலைவு வந்தானோ என்று எண்ணி வருந்துகிறான். 1916-இல் பிரான்சு நாட்டுச் சோம் போர்க்களத்தில் போரிட்ட ஒருவரால்தான் அப்படி எழுத முடியும்.

மூன்றாவதாக, அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968-இல் தொடங்கிய எர்த்சீ வரிசை. நம் பெற்றோர்களில் பலர் கேள்விப்படாத பெயர் இது. நூல் நிலையங்களிலும் எளிதிற் கிடைப்பதில்லை. கடலில் சிதறிய தீவுகளே அதன் உலகம். தலைவன் கெட், சிற்றூர்க் கொல்லனின் மகன்; ஆடு மேய்த்தவன்; செம்புநிறத் தோலினன். அவனுடைய உற்ற நண்பன் அவனினும் கருத்தவன். கெட் தன் செருக்கினால் மந்திரம் ஓதி ஒரு நிழலை இவ்வுலகில் அவிழ்த்து விடுகிறான். அது அவனைத் துரத்துகிறது. ஓடி ஓடிக் களைத்தவன், ஒரு நாள் திரும்பி நின்று அதைத் துரத்துகிறான். கடைசியில் நேருக்கு நேர் நின்று, அந்நிழலைத் தன் சொந்தப் பெயராலேயே அழைக்கிறான். பகைவன் எங்கோ தெற்கு நாட்டில் இல்லை, தனக்குள்ளே இருக்கிறான். இதில் சீனத்துத் தாவோ நெறியின் தாக்கம் உண்டு.

2004-இல் இக்கதையைத் தொலைக்காட்சிப் படமாக எடுத்தவர்கள், கெட்டாக வெள்ளைக்கார நடிகரையே நடிக்க வைத்தனர். லெ குவின் அதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். தோலின் நிறம் என்ன பெரிய செய்தியா என்று கேட்பவர்கள், கதைகளில் தம் நிறத்தவரை எங்கும் கண்டு பழகியவர்களாகவே இருப்பர்.

அத்தாயாரிடம் மறு வாரம் சென்றேன். “படிக்கட்டும் அம்மா. ஆனால், அவள் படித்ததை ஒவ்வோர் இரவும் உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கெட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள், நல்லவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள்” என்றேன். தமக்கு ஆங்கிலம் தெரியாதே என்று தயங்கினார். கேள்வி கேட்க ஆங்கிலம் வேண்டியதில்லை என்று தேற்றினேன்.

மகள் ஏழு நூல்களையும் முடித்துவிட்டாள். எமெத்தின் கதையைத் தாயார் இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டாராம். எர்த்சீயின் முதல் நூலை என் சொந்தப் படியிலிருந்து இரவல் கொடுத்திருக்கிறேன். அதை இன்னும் அவர்கள் திருப்பித் தரவில்லை.